வழித்த நாக்கு

நான் சொல்லாமல் விட்ட ஒரு வரியால் ஒரு கிரேன் ஆபரேட்டரின் வேலையே போகப் பார்த்தது. கிளினிக் ரிசெப்ஷனில் உட்காரப்போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

வளைகுடாவில், ஃபர்வானியா என்ற ஊரில் ஒரு சீன மருத்துவ கிளினிக்கில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். டாக்டர் ஒரு சீனத்து அம்மாள். நம் ஆட்கள் தமிழில் சொல்வதை நான் அவருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சீன வைத்தியக் கணக்கில் மனித உடல்வாகு ஒன்பது வகை. எந்த வகை என்று தெரிந்தால்தான் எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல முடியும். அதற்காக நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், முப்பது கேள்வி கேட்பார்.

அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே, மூன்று நாள் நாக்கு வழிக்காமல் வரச் சொல் என்று எனக்கு உத்தரவு. நாக்கில் படிந்திருப்பதுதான் அவருக்கு முக்கியம். நம் ஆட்களிடம் போய் இதை எப்படிச் சொல்வது? நாக்கு வழிக்காமல் காபியே குடிக்காத கூட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூச்சப்பட்டு அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டேன். பெரிய மேதாவி என்று நினைப்பு.

முனியசாமி பரமக்குடிப் பக்கம். டவர் கிரேன் ஓட்டுபவர். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனாலும் தீராத அசதி.

"மேல கேபின்ல கண்ணு சொருகுது மேடம். கீழ ஆளுக நிக்கிறாங்க. இன்னொருக்கா இப்படின்னா ஊருக்கு டிக்கெட்டுன்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு."

நாக்கு சுத்தமாக, சிவப்பாக இருந்தது. உடம்பு உள்ளே வறண்ட வகை என்று முடிவு செய்து, டாக்டர் பேரிக்காயும் குளிர்ச்சியான பொடியும் கொடுத்தார். முனியசாமி மூன்று வெள்ளிக்கிழமை வந்தார். ஒவ்வொரு முறையும் முகம் இன்னும் ஊதியிருந்தது. கேட்டால் "பரவால்ல மேடம்" என்பார். நாடி ஒன்று சொல்கிறது, நாக்கு வேறு சொல்கிறதே என்று டாக்டர் குழம்பினார். அப்புறம்தான் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அவர் கிரேனில் உட்கார்ந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். உடம்பு தேறும்வரை கீழேயே வேலை கொடுக்கும்படி ஃபோர்மேனுக்கு லெட்டர் எழுதினார். நான் முனியசாமிக்கு போன் போட்டேன்.

"மூணு நாளைக்கு நாக்கு வழிக்காதீங்கண்ணே."

"அய்ய, என்ன மேடம் இது" என்றார். ஆனால் சொன்னபடி கேட்டார்.

அடுத்த முறை நாக்கு முழுக்க தோசைமாவு பூசினாற்போல் வெள்ளைப் படிவு. நீர் கோத்த வகை. கொடுத்ததெல்லாம் நேர் எதிர். டாக்டர் முப்பது கேள்வியையும் முதலிலிருந்து கேட்டார். நாள் பூரா ஐஸ் தண்ணி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோறு, ஏசி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்பதும் ஒரு கேள்வி.

"மேல தனியாத்தான் மேடம். வாக்கி டாக்கில அப்பு, டவுனு, வேலை முடிஞ்சா கலாஸ். அம்புட்டுத்தான் நம்ம பேச்சு."

வெந்நீர், இஞ்சி, பார்லிக் கஞ்சி, சூடான சாப்பாடு என்று மாற்றியதும் ஒன்றரை மாதத்தில் ஆள் தெளிந்தார். கண் சொருகுவது நின்றது. ஃபோர்மேன் மறுபடி கேபினுக்கு ஏற்றினார். இனி வர வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னதை நான் சந்தோஷமாகத் தமிழில் சொன்னேன். முனியசாமி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை சும்மா வந்துட்டுப் போகலாமா மேடம்? தூங்குனீங்களா, என்ன சாப்ட்டீங்கன்னு இங்க மட்டுந்தான் கேக்குறாங்க."

"வியாதி இல்லாதவங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடையாதுண்ணே" என்றேன். கிளினிக் ரூல் அதுதான். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சொல்ல வேண்டிய ரூலைச் சொல்லாமல் விட்டது முதல் தப்பு. அதை டாக்டரிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். இந்த ரூலைச் சொன்னேன் பாருங்கள், இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் நானும் தனியாகத்தான் இருக்கிறேன்.