பிள்ளை சுமந்த புழு

மிளகு நாற்று எங்கே கிடைக்கும் என்று கொல்லிமலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் தோட்டத்துக்குத்தான் வழி சொல்வார்கள். ரெண்டாங்கிளாசோடு சிலேட்டை மூலையில் போட்டவள் நான். எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை, என் கண்ணும் கையும்தான் வாத்தியார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவேன். புதிதாக மிளகு வைக்கிறவர்கள் முதல் நாற்றை நான் தொட்டுக் கொடுத்தால்தான் பிடிக்கும் என்று ஜீப் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். கைராசிக்காரி என்று பேர். அந்தப் பேர் எட்டு வயதில் வந்தது. வந்த விதத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் எங்கள் கேழ்வரகில் படைப்புழு விழுந்தது. பகலில் தூருக்கடியில் பதுங்கிக்கிடக்கும், வெயில் தாழ்ந்ததும் மேலேறி இலையைச் சீப்பு சீப்பாக அரித்துவிடும். வருஷம் முழுக்கக் களி கிண்ட அந்தக் கேழ்வரகுக் காடு ஒன்றுதான். அப்பா ஆளுக்கொரு சட்டியில் சாம்பல் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். விடிந்ததும் அத்தை, சித்தி, நான் மூன்று பேரும் குனிந்து புழு பொறுக்கிச் சட்டியில் போட வேண்டும். அவர்கள் ஒரு சட்டி நிரப்புவதற்குள் நான் ரெண்டு நிரப்புவேன். பொய்யில்லை.

சித்தி, என் அம்மா போன பிறகு புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். அவள் வேலை எனக்கு எரிச்சலாக இருக்கும். பத்துப் புழுவில் ஒன்று, முதுகிலும் பக்கத்திலும் அரிசிக் குருணை போல வெள்ளையாக எதையோ சுமந்துகொண்டு அசையாமல் கிடக்கும். அதை மட்டும் அவள் சட்டியில் போட மாட்டாள். இலையோடு கிள்ளி, ஒரு விரிசல் பானையில் போட்டு, பழஞ்சேலைத் துணியால் வாயைக் கட்டி வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

“அதுவும் என்னாட்டம் பிள்ளைத்தாச்சி, கண்ணு. வவுத்துல ஒண்ண வெச்சுக்கிட்டு இன்னொரு பிள்ளைத்தாச்சிய எப்பிடிக் கொல்லுறது?”

மாசமாக இருக்கிறவள் உயிர்க்கொலை செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். புழுப் பொறுக்கும்போது அதை எல்லாரும் மறந்துவிட்டோம், அவள் பாதி மறந்தாள், பாதி நினைவில் வைத்துக்கொண்டாள். நான் நேராக அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

அத்தை அப்பாவின் அக்கா. வீட்டில் அவள் சொல்தான் சொல். “புளுவுக்குப் பேறுகாலம் பாக்க வந்தவளா இவ?” என்று ஆரம்பித்தவள், இவள் கால் வைத்த நேரம்தான் காடு இப்படி ஆனது, இந்த ராகி வீடு வந்து சேரவில்லையென்றால் இவளைப் பேறுகாலத்துக்கு மலைக்குக் கீழே தாய்வீட்டுக்கு அனுப்புவதோடு சரி, திரும்பக் கூட்டிவரக் கூடாது என்று அப்பாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். பானையை நெருப்பில் போடச் சொன்னார்கள். சித்தி எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் பலா மரத்துக்குப் பின்னால் புகையே எழவில்லை என்பதை நான் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷம். ராகி போனால் சித்தி போவாள், அப்பா பழையபடி எனக்கு மட்டும் ஆவார். களிக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. ஐந்தாறு நாள் கழித்து ஒரு மத்தியானம், பலா மரத்துக்குப் பின்னால் அவள் ஒளித்துவைத்திருந்த அந்தப் பானையைத் தூக்கிப்போய்க் காட்டின் நடுவில் கவிழ்த்தேன். இத்தனை குஞ்சும் பொரித்துத் தின்றால் ஒரு தூர் மிஞ்சாது என்பது என் கணக்கு. துணியை அவிழ்க்கும்போது கொசு மாதிரி கறுப்பாக என்னவோ கூட்டமாகப் பறந்து முகத்தில் மோதியது. துடைத்துவிட்டு, காலிப் பானையைப் பலா மரத்தடியிலேயே திரும்பப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ரெண்டு வாரத்தில் எங்கள் காட்டில் கைக்கு வருகிற புழுவெல்லாம் வெள்ளைக் குருணை சுமந்து, தின்னாமல், சுருங்கிக் கிடந்தது. அப்புறம் புழுவே இல்லை. சாம்பல் தண்ணீரில் ஒன்று விடாமல் கொன்ற பக்கத்துக் காடுகளில் கதிரில்லாமல் வெறும் தட்டுதான் நின்றது. எங்களுக்கு முக்கால்வாசி கதிர் வந்தது. ரெண்டு சட்டி நிரப்பிய என் கைதான் காரணம் என்றாள் அத்தை. ஊர் முழுக்கச் சொன்னாள். நானும் ஆமாம் என்று கையை விரித்துக் காட்டினேன்.

போன வருஷம் விவசாயம் படிக்கிற பிள்ளைகள் என் தோட்டம் பார்க்க வந்தார்கள். வரப்போரம் அதே மாதிரி ஒரு புழு. செருப்புக் காலைத் தூக்கினேன். ஒரு பெண் ஓடிவந்து தடுத்தாள்.

“அது புழுவோட குஞ்சு இல்லீங்கம்மா, குளவியோட கூடு. குளவி புழுவுக்குள்ள முட்டை வெச்சுரும், குஞ்சுக உள்ளயே தின்னு வளந்து வெளிய வந்து கூடு கட்டுதுங்க. இதுல இருந்து வாற குளவி அடுத்த புழுவத் தேடிப் போகும்.”

அதோடு விடவில்லை. அந்தக் கூட்டுக்குள்ளும் முட்டை வைத்து, குளவிக் குஞ்சைத் தின்கிற இன்னொரு குட்டிக் குளவி உண்டாம். அடுத்தவள் பாடுபட்டதில் நோகாமல் உட்கார்ந்து தின்பது. எனக்கு அது யாரென்று உடனே தெரிந்துபோயிற்று.

சித்தி அன்றைக்குச் செய்தது தப்புக் கணக்குதான். தன் எமனையே சுமந்துகிடந்த புழுவைத் தாய் என்று நம்பினாள். அந்தத் தப்பில்தான் நாங்கள் வருஷம் முழுக்கக் களி தின்றோம். அவள் திரும்பி வந்தாள், என்னை ஆளாக்கினாள். அன்று அவள் வயிற்றில் இருந்த தம்பிதான் இன்றைக்கு என் நாற்றை லாரியில் ஏற்றி இறக்குகிறான். எனக்கு யாரும் எதையும் தரவில்லை என்று இனிமேல் நான் சொல்வதாக இல்லை.

அறுப்பு முடிந்து அவள் பேறுகாலத்துக்குக் கீழே இறங்கிய காலை நன்றாக நினைவிருக்கிறது. அத்தையே மூட்டை கட்டிக் கொடுத்து, வெரசா வந்து சேர் என்றாள். பலா மரம் வரை நான் கூடப் போனேன். அங்கே அந்த விரிசல் பானை காலியாகக் கிடந்தது. சித்தி அதைப் பார்த்தாள், என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவினாள்.

“ராசியான கைதான் சாமி இது. இனிமே எதக் கவுத்தாலும் என்கிட்டச் சொல்லிட்டுக் கவுக்கோணும். நான் வாரேன்.”

புழுப் பொறுக்கியதைத்தான் அவளும் மெச்சுகிறாள் என்று நினைத்து, இன்னொரு கையையும் நீட்டினேன்.