பத்லி இரத்தம்

என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு முறைதான். அதைச் சொல்வதற்கு முன் என் நண்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நண்பன் என்று இப்போதும் கை தானாக எழுதுகிறது. வெட்கம் கெட்ட கை.

மருத்துவப் பள்ளியில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்ததும் எனக்கு ஆம்பூர் அரசு மருந்தகத்தில் மருத்துவர் வேலை கிடைத்தது. அவன் வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தான். ஆம்பூர் தோல் மண்டிகளில் அப்போது அடைப்பான் நோய் அடிக்கடி தலைகாட்டும். மாட்டைக் கொல்லும் அந்த நோய், பச்சைத் தோலைத் தொடுகிறவர் கையில் கறுப்புக் கொப்புளமாக எழும். சிலர் செத்தார்கள். பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் இரத்தத்தில் நோயைத் தடுக்கும் ஏதோ ஒன்று ஊறியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது, அவனுக்கல்ல.

சொன்னதும் துள்ளிக் குதித்தான். "நீ ரத்தம் எடுத்து ரயில்ல அனுப்புடா, மத்தத நான் பாத்துக்கிறேன். ரெண்டு பேர் பேரும் போடுவோம், உன் பேரு மொதல்ல" என்றான்.

ஊசி என்றால் மண்டியே ஓடிவிடும். மண்டியில் ஆட்களை வேலைக்கு வைக்கும் மேஸ்திரியின் வீட்டுக்கு நடையாய் நடந்து, அவர் மகளின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, மெல்ல மெல்ல அவரைச் சம்மதிக்க வைத்தேன். நோய் வந்து பிழைத்தவர்களை அவரே பெயர் சொல்லி அழைத்து அனுப்பினார். அவர்கள் இரத்தத்தின் தெளிநீரைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துவிட்டு, நண்பன் கிருமியை ஏற்றினான். ஒன்றுகூடச் சாகவில்லை. தந்தி வந்த அன்று ஒரு சிறுபிள்ளையைப் போல மகிழ்ந்தேன்.

பிறகொரு நாள் ஓர் இளைஞன் கையில் புதுக் கொப்புளத்தோடு வந்து நின்றான். தெரிந்த முகம். நோய் வந்து பிழைத்தவன் என்று மேஸ்திரி அனுப்பி, அவனிடம் இரத்தம் எடுத்திருந்தேன். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது அண்ணன்காரனுக்கு வந்த சீக்கு, டாக்டர் சாப். அவன் பள்ளிகொண்டாவுக்குப் போய்ட்டான், இவன பத்லி அனுப்பிட்டேன். இன்னும் நாலஞ்சு பேரு அப்படித்தான். ஆள் கம்மியாப் போனா உங்களுக்கில்ல பேஜாரு?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மண்டியில் ஒருவன் வராவிட்டால் அவன் தம்பி பத்லியாக வந்து, அண்ணன் பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டு வேலையைச் செய்வான். அது அங்கே வழக்கம். வடுவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்பீர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவர்களில் வடு இல்லாத கை யாருக்கு இருக்கிறது?

நோயே வராதவன் இரத்தமும் கினிப்பன்றியைக் காத்திருக்கிறது என்றால், எங்கள் சோதனையில் எங்கோ ஓட்டை. அடுத்த வண்டியிலேயே வேலூருக்குப் போய் நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத அச்சுக்குக் குடுக்காதடா, முதல்லேர்ந்து எடுப்போம்" என்று கெஞ்சினேன். "சரிடா, நீ கவலப்படாம போ" என்று தோளைத் தட்டி அனுப்பினான்.

சில மாதங்களில் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அவன் பெயர் மட்டும். ஒரு நாளும் ஆம்பூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத வெள்ளைக்கார மேலதிகாரிக்குக் கடைசியில் அரைப் பக்கம் நன்றி. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதம் போட்டேன்; பதில் இல்லை. வயிறு எரிந்தது. பிழையான கட்டுரையில் பெயர் வராததே நல்லது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் எரிந்தது.

மறு ஆண்டு, வடக்கே யாரோ அதே சோதனையைச் செய்ய, கினிப்பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அதே இதழில் அவன் ஒரு திருத்தம் வெளியிட்டான். ஆம்பூர் மருத்துவர் கவனமின்றித் தவறான ஆட்களிடம் இரத்தம் எடுத்ததே பிழைக்குக் காரணம் என்று எழுதி, என் பெயரை முழுசாக, பட்டத்தோடு, எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருந்தான். தவறான இரத்தம்தான் காரணம் என்றால் அவன் கூடத்துப் பன்றிகள் செத்திருக்க வேண்டுமே, பிழைத்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அதை முதலில் பார்த்தவர் என் கம்பவுண்டர். அவருக்கு ஆங்கிலத்தில் பெயர்களை மட்டும் படிக்கத் தெரியும். "நம்ம டாக்டர் பேரு பொஸ்தகத்துல வந்துருச்சு!" என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். மதியத்துக்குள் சேதி மண்டிக்குப் போய், மேஸ்திரி ஒரு சட்டி பிரியாணியோடு வந்துவிட்டார்.

"நம்ம ஆளுங்க ரத்தத்தப் பத்தி இன்னா சாப் எழுதிக்கீது?" என்று கேட்டார்.

"நல்லபடியாத்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.