சிங்கப்பூர் வேலைக்கு ஒரு கரண்டிக் கஞ்சி

2006-ஆம் ஆண்டு மழைக்காலம். பர்மாவின் யாங்கோனில், லத்தா கடைத்தெருவின் மாடி ஒன்றில், வெளிநாட்டில் முதியோரைக் கவனிக்கும் வேலைக்குப் பெண்களைப் பழக்கிக்கொண்டிருந்தார் ஓர் ஏஜெண்ட் அம்மா. அவரை நாங்கள் 'சயாமா' என்று கூப்பிடுவோம். பர்மியப் பேச்சில் டீச்சர். நகரின் இன்னொரு பக்கம், என் வீடு இருந்த தாகேதாவிலிருந்து பஸ் மாறி நானும் போய்வந்தேன். கணவர் வேலை பார்த்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். மகனுக்கு இரண்டு வயது.

அங்கே முதல் பாடமே, பிள்ளை இருப்பதை வெளியே சொல்லாதே என்பதுதான். பிள்ளைக்காரி ஏங்கிப்போய் பாதியில் திரும்பிவிடுவாளாம். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வது என்று உறுதியாக இருந்தேன்.

ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தார். பக்கவாதம் வந்த அவருடைய அப்பாவுக்குத் தமிழைத் தவிர மற்ற பேச்செல்லாம் மறந்துவிட்டதாம். எங்களில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒருத்தியைக் கிழவியாகப் படுக்கவைத்து, ஊட்டிக் காட்டச் சொன்னார்கள். கஞ்சியை ஆற்றிக் கரண்டியை நீட்டினேன். வந்தவர் சிரித்துவிட்டார்.

"ஊட்டுறப்ப நீங்களும் 'ஆ'ன்னு வாயத் திறக்குறீங்க. வீட்ல சின்னப்புள்ள இருக்கா?"

தமிழ் புரியாவிட்டாலும் சயாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை முறைத்தார்.

"இருக்கான்க்கா. ரெண்டு வயசு. மறைச்சு வேலை வாங்க எனக்கு இஷ்டமில்ல."

வந்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் புள்ள இல்ல. வீட்டுக் கடன் முடியட்டும், பதவி உயரட்டும்னு தள்ளிப் போட்டோம். என் கூட்டாளிங்க பலரும் அப்படித்தான். இப்ப ஆபீஸ்ல வேலைக்கு ஆள் பத்தல, அப்பாவப் பாக்கவும் ஆள் இல்ல. நான் அவருக்கு ஒத்தப் புள்ள."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவர்கள் ஊரில் பிள்ளைகள் குறைந்துபோனதற்கு, நான் என் பிள்ளையை விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறதே. கேட்டுவிடுவது என்று துணிந்தேன்.

"வருஷா வருஷம் என்னை லீவுல வீட்டுக்கு அனுப்பணும்க்கா. வாராவாரம் மகன்கூடப் போன்ல பேச விடணும். சரின்னா வர்றேன்."

"வாங்க. அப்பாவும் இப்ப சின்னப்புள்ள மாதிரிதான்," என்றார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். சில வருடங்கள் அங்கே இருந்தேன். பெரியவருக்கு ஊட்டும்போதெல்லாம் என் வாய் தானாகத் திறக்கும். தாகேதாவில் என் மகனுக்கு நாத்தனார் ஊட்டினாள். அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. ஆனாலும் பிழைப்புக்காக எதையெதையோ விட்டுக்கொடுத்த நான், பெற்ற பிள்ளையை இல்லை என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.