உப்பில்லாத பனிக்கட்டி

சண்டைக் காலத்தில் கப்பலில் கரி அள்ளப் போன என் சின்னம்மா மகன் திரும்பி வந்தான். வந்தவன் சொந்த ஊரில் கிடக்கக்கூடாதா? நேராக மேகமலைக்கு, நாங்கள் வேலை பார்த்த ஏலத்தோட்டத்துக்கே வந்து சேர்ந்தான். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் மாமன் மகள் அங்கேதான் இருந்தாள். அவளுக்கு நானும் அத்தை மகன், அவனும் அத்தை மகன். யாரைப் பிடித்திருக்கிறதென்று அவள் வாயால் வரட்டும் என்று மாமன் சும்மா இருந்தார்.

அவள் கேப்பைக் கூழ் கிண்டும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து அளப்பான். வடக்கே கடலே உறையுமாம்.

"உப்புத் தண்ணி லேசுல உறையாது புள்ள. உப்புக் கூடக் கூடக் குளிரும் கூட வேணும். மேல குளுந்த தண்ணி கனத்துக் கீழ போயிரும், கீழ உள்ள வெதுவெதுப்பு மேல வந்துரும். அம்புட்டும் ஆறணும்னு கப்பல்ல பெரியாளுக சொன்னாக. ஆத்துத் தண்ணி வந்து கலக்குற எடத்துல சீக்கிரம் உறையும். அலை அடிச்சுக்கிட்டே இருந்தா ஒன் கூழு மாதிரி கொழகொழன்னு கெடக்கும்."

அவள் அகப்பையை நிறுத்திவிட்டுக் கூழையே பார்த்தாள். நான் பேசி என்றைக்காவது அந்தக் கை நின்றிருக்கிறதா?

ஒருநாள், கடலில் கிடக்கும் பழைய பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கலாம், உப்பெல்லாம் வடிந்துவிடும் என்றான். சிக்கினான் என்று துள்ளினேன்.

"ஏலே, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? உப்புத் தண்ணி உறைஞ்சா உப்புக்கட்டிதேன். நாளைக்கே காட்டுறேன்!"

அப்போது மார்கழி. பள்ளத்தில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்துக் கிடக்கும். அங்கே ஒரு சட்டித் தண்ணீர் வைத்தேன். உப்புக் கூடினால் உறையாதென்று அவனே உளறியிருந்ததால் ஒரு கைதான் போட்டேன். அவன் பேச்சாலேயே அவனைக் கவிழ்க்கப்போகிறேனாம்!

விடிந்ததும் மாமன் முதற்கொண்டு எல்லாரும் வந்தார்கள். சட்டியின் மேலே மெல்லிசாகக் கட்டியிருந்தது. ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். தீர்ப்பு அவள் வாயாலேயே வரட்டும் என்ற திமிர்.

அவள் ஓரத்தைக் கடித்தாள். சட்டித் தண்ணீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகம் சுளித்தாள்.

"தண்ணிதேன் கரிக்குது. கட்டி சப்புன்னு இருக்கு."

கடித்த மிச்சத்தை அப்படியே அவனிடம் நீட்டினாள். எங்கள் பக்கம் ஒரு பெண் தன் எச்சிலைக் கட்டிக்கப்போகிறவனுக்குத்தான் கொடுப்பாள். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, தை பொறக்கவும் வச்சுக்கிருவோம்" என்றார்.

பாவி, அவன் அதைக் கடித்து விழுங்கவாவது செய்தானா? கரைகிற வரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.