ஊற்றியதை எடுக்க வந்தவர்

திருக்கடையூரில் உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்தில் இருந்தேன். தம்பதிக்குக் கலச நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வசந்தா அண்ணி போனில் கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து நான் கூப்பிட்டேன்.

"உரக்கடைக்காரரு போயிட்டாரு கலா. எருக்குழிகிட்ட உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல." "எனக்கு அழுகையே வரமாட்டேங்குது. நீ சீக்கிரம் வா" என்றார்.

நம் இயற்கை விவசாயக் குழுவில் உங்கள் எல்லோருக்கும் அவர் கோவிந்தராஜ் ஐயா. எங்கள் வீட்டில் மட்டும் கடைசிவரை உரக்கடைக்காரர்தான். குடவாசலில் கடையை மூடிப் பல வருடங்கள் ஆன பின்னும், அந்தப் பெயரை மாற்ற அவரே விடவில்லை. உங்களில் பலருக்கு அதன் காரணம் அரைகுறையாகத்தான் தெரியும்.

என் அண்ணன் சேகர் அந்தக் கடையில்தான் பூச்சிமருந்து வாங்குவான். அந்த வருடம் சம்பாப் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் புகையான் பூச்சி விழுந்து, வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்துகொண்டு வந்தது. முதலில் அடித்த மருந்துக்குப் பூச்சி அசையவில்லை. மறுபடி கடைக்குப் போய் வந்தான். வெயில் ஏறும் நேரத்தில், முகத்தில் துணிகூடக் கட்டாமல் அடித்தான். சாப்பாடு கொண்டுபோன என்னிடம், "கண்ணு மங்கலா இருக்கு கலா, தண்ணி குடு" என்றபடி வரப்பில் உட்கார்ந்தான். கொடுத்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. எச்சில் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று கோவிந்தராஜ் வந்தார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சேகர் கவனமில்லாமல் மருந்தடித்துச் செத்தான் என்று ஊர் ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. வாசலில் நின்றபடியே அவர் சொன்னார்: "அவன் கவனமில்லாம இல்லம்மா. ரெண்டு மருந்தையும் கலந்து, அளவக் கூட்டி அடின்னு நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். கடையை மூடிட்டேன்."

அண்ணி அவரை உட்காரச் சொல்லவில்லை. "நீங்க கடையை மூடிட்டா ஆச்சா? எங்க வயல்ல ஊத்துனது அங்கதானே கிடக்கு. வந்து எடுங்க."

துக்கத்தில் வந்த வார்த்தை என்றுதான் நினைத்தேன். ஆனால் அறுவடை முடிந்ததும் பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு விதையோடு அவர் வந்து நின்றார். அண்ணி வயலைக் கைகாட்டினார். அன்றிலிருந்து அவர் எங்கள் வயல் ஆள். விதைத்தார், இடுப்பளவு வளர்ந்ததும் அதை மடக்கி உழுதார். மாட்டுச் சாணம் தேடி ஊர் ஊராகப் போனார். "புருஷனைக் கொன்னவனையே வயல்ல இறக்கிட்டாளே" என்று அண்ணியின் காதுபடவே பேசினார்கள். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் வரும் நேரம் நான் வயல் பக்கம் போகமாட்டேன்.

முதல் விளைச்சல் பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த நெல்லை அரைத்து அண்ணி சோறு வடித்தார். தன் மகளுக்குப் போடவில்லை. அவரைக் கூப்பிட்டு இலை போட்டார். "மொதல்ல நீங்க சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டாத்தான் எம்புள்ளைக்குப் போட எனக்குத் தைரியம் வரும்." அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அண்ணி எதிரே நின்று அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்குகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அவருக்கும் புரிந்திருந்தது. கை கழுவிவிட்டு, "நல்லாத் தெரியுதும்மா" என்றார்.

பொழுது சாயும் வேளையில் அவர் வேலையை நிறுத்திவிட்டு மேற்கு வரப்பையே பார்ப்பார். ஒருநாள் அண்ணி கேட்டுவிட்டார்.

"யாரைப் பாக்குறீங்க?"

"சேகர் நிக்கிறான்."

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. வயலைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

அண்ணி அந்தத் திசையில் வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதார். "இத்தன வருஷம் குடும்பம் நடத்துன எங்கண்ணுக்குத் தெரியமாட்டேங்குறாரு கலா. அவரு கண்ணுக்குத் தெரியுறாரே." அதன் பிறகு தினமும் பொழுது சாய்ந்தால் அண்ணியும் வயலுக்குப் போவார். "இன்னிக்கு?" என்று கேட்பார். அவர் ஆமென்றோ இல்லையென்றோ தலையசைப்பார். நான் அதை நம்பவில்லை. ஆனால் அந்த வரப்பில் தனியாக நடக்கவும் மாட்டேன்.

மண் திரும்பி வருவதற்குச் சில வருடங்கள் பிடித்தன. ஒரு மழைக்குப் பிறகு வயலெங்கும் மண்புழு தள்ளிய சின்னச் சின்ன மண்ணுருண்டைகள். அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கோவிந்தராஜ் எங்கள் வீட்டுக்கே ஓடிவந்தார். "இனிமே மண்ணு மன்னிச்சிரும்" என்று யாரோ சொல்ல, அவர் முகம் சுருங்கிப் போனது. "மண்ணுக்கு மன்னிக்கல்லாம் தெரியாதுய்யா. மெதுவா மறக்கத்தான் தெரியும். எனக்கு அதுவும் வரல."

குழு உருவானதும் அவரைக் கூட்டங்களில் பேசச் சொன்னோம். ஒவ்வொரு முறையும், "நான் ஒரு ஆளைக் கொன்னவன்" என்றுதான் ஆரம்பிப்பார். புதிதாக வருபவர்கள் மிரளுகிறார்கள், அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். "அதை விட்டுட்டா எங்கிட்ட இருக்குறது வெறும் சாணியும் கோமியமும்தான். அதைச் சொல்ல வேற ஆளு இருக்காங்க" என்றார்.

மருந்தடிப்பவர்களை மட்டும் அவர் திட்டி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்துவார்: "தம்பி, காத்துக்கு எதிர்ல நிக்காதய்யா! மூக்கக் கட்டு!" பஸ்ஸே சிரிக்கும். கத்தி முடித்ததும் இரண்டு கைகளையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

அவரை எரித்த மறுவாரம் திருவாரூர் சாலையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். காற்று மாறி மருந்து நெடி முகத்தில் அடித்தது. ஓர் ஆள் வெறும் முகத்தோடு காற்றுக்கு எதிரே நின்று அடித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தியதும் தெரியவில்லை, சாலையோரம் இறங்கியதும் தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதாகவே இல்லை.

அவர் மெஷினை நிறுத்தினார். துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வயலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். அங்கிருந்து கேட்டார்: "நீங்க யாருங்க?"

சேகரின் தங்கை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"குடவாசல் உரக்கடைக்காரருக்கு வேண்டியவ" என்றேன்.