ஓடும் பஸ்ஸில் நடந்தவள்

கண்டக்டருக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பாஸை நீட்டினால் படத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். கல்யாணத்தன்று மாமனார், "பொண்ண நல்லாப் பாத்துக்குங்க" என்றதற்கே, "ஏன், என்ன விஷயம்?" என்று கேட்ட மனிதர்.

அப்படிப்பட்டவரிடம் போய் இன்னொரு கண்டக்டர் வத்தி வைத்தான்: "அண்ணே, உங்க வீட்டம்மா தினம் மத்தியானம் எங்க வண்டியில ஏறுறாங்க. எங்கயும் இறங்குறதில்ல. டிரைவர் கிட்ட வரைக்கும் போறாங்க, வர்றாங்க, திரும்பப் போறாங்க."

மத்தியானம் தூங்குவதாக அல்லவா சொல்கிறாள்! அந்த டிரைவரோ முறுக்கு மீசைக்காரன், கல்யாணமும் ஆகாதவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நேற்று அவள் தனக்குள் சிரித்ததுகூடச் சாட்சியாகிவிட்டது.

மறுநாள் லீவு போட்டார். மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு அந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் பதுங்கினார். அவள் ஏறினாள். வண்டி வேகமெடுத்ததும் வாட்சைப் பார்த்தபடி முன்னால் நடந்தாள். மீசை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'என்னமா நடிக்கிறான் பாவி!' என்று பல்லைக் கடித்தார். அவள் ஸ்பீடாமீட்டரை எட்டிப் பார்த்து, ஏதோ முணுமுணுத்தபடி திரும்பி வந்தாள். அவர் மஃப்ளரை உருவினார்.

"யாரப் பாக்க வந்த?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பஸ்ஸோட... பஸ்ஸோட ஸ்பீடு."

"யாருக்குக் காது குத்துற?"

"சத்தியமாங்க. லேப் வேலைக்கு மறுபடி பரீட்சை எழுதறேன். போன தடவை இந்த பிசிக்ஸ் கணக்குலதான் கோட்டை விட்டேன். ஓடுற பஸ்ஸுக்குள்ள முன்னாடி நடந்தா ரெண்டு வேகத்தையும் கூட்டணும், பின்னாடி நடந்தா கழிக்கணும். அதுதான் ரோட்டுல நிக்கறவனுக்குத் தெரியிற வேகம். பேப்பர்ல குழம்புது, நடந்து பாத்தா புரியுது."

"பின்னாடி நடந்தா பின்னாடிதான போவ? இத்தன வருஷமா பஸ்ஸுக்குள்ளயே நடக்கற எனக்கே கதையா?"

"அப்படி நடந்து நடந்து வண்டி கிளம்பின இடத்துக்கா போய்ச் சேர்ந்தீங்க? கடைசி ஸ்டாப்புக்குத்தான?"

கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்பாடா, விஷயம் மீசை இல்லை, கணக்குதான்! நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. "இத வீட்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

அவள் சிரிக்கவில்லை. "போன தடவை ஃபெயிலானத டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரிச்சீங்க. உங்க முன்னாடி புஸ்தகத்தத் தொடவே பயமா இருக்கு."

அவருக்கு முகம் செத்துவிட்டது.

டிக்கெட் கொடுத்துக்கொண்டே, வத்தி வைத்த அந்தக் கண்டக்டர் ஆவலாய் வந்து நின்றான். "என்னண்ணே, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா காத்து வாங்க வர்றாங்க."

அவன் நம்பவில்லை. நம்பாமலே போகட்டும் என்று விட்டுவிட்டார்.