அம்மன் வேஷத்துக்கு வைத்த வெற்றிலை

பொங்கல் கழிந்து வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பஜனை மடத்தில் நாடக சபை கூடும். மாசி தொடங்கிப் பங்குனி உத்திரம் வரையில் என்னென்ன நாடகம், யாருக்கு என்ன வேஷம் என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். வாத்தியார் ஒவ்வொரு நாடகமாகச் சொல்லிக்கொண்டே போவார். எந்த வேஷம் யாருக்கோ அவர் முன்னால் வெற்றிலை பாக்கு வைப்பார். எடுத்து மடியில் செருகிக்கொண்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சாமி வேஷத்துக்கு வெற்றிலை எடுத்தவர் ஆட்டம் முடிகிற வரையில் கவிச்சி தொடமாட்டார், வெறுந்தரையில்தான் படுப்பார்.

இந்த வருஷம் கூடியது போன வெள்ளிக்கிழமை. கடைசி நாடகம் அம்மன் தவசு என்று சொல்லிவிட்டு, வாத்தியார் வெற்றிலையை என் முன்னால் வைத்தார். நான் உடனே எடுக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அம்மன் தவசு எங்கள் ஊர்க் கதைதான். அம்பாள் மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வைத்து ஒற்றைக் காலில் தவம் இருக்கிறாள். சோதிப்பதற்காக சுவாமி ஆற்றில் வெள்ளத்தை விடுகிறார். லிங்கம் கரைந்துவிடுமே என்று அவள் அதை மார்போடு கட்டிக்கொள்கிறாள். அவள் வளையல் பட்ட தழும்பு சுவாமி மேல் பதிந்துவிடுகிறது. உத்திரத்துக் கல்யாணத்துக்கு முன்னால் இந்த நாடகம் நடந்தால் தெருவுக்கே நல்லது என்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கோயில் கூட்டத்தில் நசுங்கி, எட்டி எட்டி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் நான். ஒரே ஒரு தடவை அவளாக நின்று அந்த லிங்கத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இருந்த ஆசை.

என் வீட்டுக்காரி உயிரோடு இருந்த காலத்தில் ஒரு முறை அந்த வெற்றிலை எனக்கு வந்தது. அன்றைக்கு யோசிக்காமல் எடுத்துக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்குப் போனேன்.

"கொடுத்துட்டாங்களா?" என்றாள்.

"கொடுத்துட்டாங்க."

"அப்போ நாளையிலேர்ந்து எங்க அம்மாவுக்கு உப்புமா போதும்" என்று சிரித்தாள். அன்று முதல் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் "அம்மா, சோறு ஆறுது வா" என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

எங்கள் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய, தறியில் ஓர் ஓரமாக இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். எனக்கு அவள்தான் தள்ளுவாள். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்தால்தான் உண்டு. அதனால் வசனத்தைத் தறியிலேயே பாடம் பண்ணினேன். தறிக்கு அடியில் இருக்கிற மிதியை ஒரு தடவை மிதித்தால் அம்மன் வசனம் ஒரு வரி. அவள் நாடாவைத் தள்ளிவிட்டு சிவன் வசனம் ஒரு வரி சொல்வாள். பெண்கள் எங்கே நாடகத்தில் பேசுவது? தறிக்கு முன்னால் அவளைத் தவிர எனக்குச் சிவன் கிடையாது.

கடைசியில் சுவாமி சொல்வதாக ஒரு வரி வரும். "உன் வளையல் பட்ட தழும்பு என் மேலேயே இருக்கட்டும்." அதைச் சொல்லும்போது மட்டும் நாடாவைத் தள்ளாமல் நிறுத்திவிடுவாள். எனக்குக் கோபம் வரும்.

"ஏன் நிறுத்தறே? நூலு தொங்குது பாரு."

"சாமி பேசறப்ப அவசரப்படக் கூடாதுங்க" என்பாள்.

ஒத்திகையில்தான் வினை வந்தது. மடத்தில் ஆர்மோனியம் இழுக்க, நான் வலது காலைத் தூக்கி இடது முழங்காலில் ஊன்றிக்கொண்டு தவசு நின்றேன். வாயைத் திறந்தேன். தூக்கிய கால் தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மிதி. காலைப் பிடித்து நிறுத்தினால் வசனமும் நின்றுபோயிற்று.

வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொன்னார். "இன்னாப்பா இது, அம்மன் தவசு பண்றாளா, சேலை நெய்றாளா?"

"கல்யாணத்துக்குக் கூறைப்புடவை அவளே நெய்ஞ்சுக்கினு இருக்கிறாபா" என்றார் சிவன் வேஷக்காரர். ஜரிகைக் கடையில் கணக்கெழுதுகிறவர், எப்போதும் அவர்தான் எங்களுக்குச் சிவன். மடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வீட்டில் அவள் என் கால் கட்டைவிரலைப் பட்டுக் கழிவு நூலால் தூணோடு கட்டி, எதிரே உட்கார்ந்து வசனம் சொன்னாள். அவள் குரல் வந்தால் எனக்குத் தடையில்லாமல் வந்தது. மடத்துக்குப் போய் சிவன் வேஷக்காரர் இழுத்து இழுத்துப் பேசினதும் கால் மறுபடி மிதியைத் தேடியது. மாசி முடிகிற சமயத்தில் வாத்தியார் என்னைத் தனியாக அழைத்தார்.

"மனசுல வெச்சுக்காதேப்பா. தவசுல காலு ஆடினா ஜனம் சிரிக்கும். அம்மனைப் பார்த்து ஜனம் சிரிக்கலாமா?"

அவர் சொன்னது நியாயம். வெற்றிலை சாயப்பட்டறைக்காரர் ஒருவருக்குப் போயிற்று. எனக்குத் திரை பிடிக்கிற வேலை கிடைத்தது. ஆட்டத்தன்று திரை ஓரமாக நின்று, அவர் லிங்கத்தைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன். கைகூப்பவும் முடியவில்லை, கையில் திரை இருந்தது. அம்பாள் சித்தம் அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் சொன்னாள்:

"உங்க சிவன் அந்தத் தழும்பு வரியை முழுங்கிட்டாரு. யாரும் கவனிக்கல."

"நீ கவனிச்சியே."

"எனக்குத் தெரியாதா? நான் எத்தினி நாளு சிவனா இருந்தவ."

அதற்குப் பிறகு வருஷா வருஷம் தை வெள்ளிக்கிழமை மடத்தில் உட்கார்ந்திருப்பேன். சில வருஷம் அம்மன் தவசு இருக்காது. இருக்கிற வருஷம் வெற்றிலை வேறு யாருக்காவது போகும். வீட்டுக்கு வந்தால் "கெடக்குது போங்க, நம்ம தறியில நாம ஆடலாம்" என்று நாடாவைத் தள்ளுவாள். நாங்கள் ஆடுவோம். தழும்பு வரியில் நூல் தொங்கும். பிற்பாடு நான் கோபித்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

போன புரட்டாசிக்கு முந்தின புரட்டாசியில் காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். இப்போது என் தம்பி அவள் இடத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுகிறான். கெட்டிக்காரன், நூல் தொங்க விடமாட்டான். வசனத்தை நான் தறியில் சொல்வதில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்பாள் படத்துக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று எப்போதாவது சொல்வேன். அப்படி நிற்கும்போது ஒருநாள் வாத்தியார் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலிலேயே நின்று முழுவதும் கேட்டிருக்கிறார்.

"காலு நின்னுடுச்சுப்பா உனக்கு" என்றார்.

அப்போதுதான் நானே குனிந்து பார்த்தேன். அசையாமல்தான் இருந்தது. காலைக் கீழே ஊன்றிக்கொண்டு, அவள் போனதிலிருந்து தறியில் வசனம் சொல்வதில்லை என்று மட்டும் அவருக்குச் சொன்னேன்.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாப்பா, வேணாமா?" என்றார் வாத்தியார். அம்பாளை நினைத்துக்கொண்டு எடுத்து மடியில் வைத்தேன். வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. மெதுவாகத்தான் போனேன். சமையலறைப் பக்கம் பார்க்காமல் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன்.

நேற்று ஜரிகைக் கடைக்குப் போய்ச் சிவனைப் பார்த்தேன். அவருக்கும் வயசாகிவிட்டது.

"வளையல் தழும்பு வரியை இந்த வாட்டி விட்றாதே" என்றேன்.

"அப்படி ஒரு வரி இருக்குதா அதுல?"

"இருக்குது."

"சரி, சொல்றேன். எனக்கு ஞாபகம் நிக்காதுபா. அந்த எடம் வந்தா கண்ணைக் காட்டு."

அந்த இடத்தில் நான் கண்ணை மூடி லிங்கத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைச் சொன்னேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

"அப்போ எப்படித்தான் தெரியும் எனக்கு?"

"என் காலைப் பார்த்துக்கினே இரு" என்றேன். "ஒரு மிதி மிதிக்கிறேன்."